குதிரைக்குக் கிடைத்த கவனம்

1881-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகரில், இறந்தே பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தைச் சன்னமாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் ஹ்யூகோ ரிப்பர்ட் என்ற நோய்க்கூறியல் மருத்துவர். சிறுநீர்க் குழாய்களின் உள்வரிசையில் அங்கங்கே சில செல்கள் மட்டும் அக்கம்பக்கத்துச் செல்களைவிடப் பல மடங்கு உப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கறுத்த ஓர் உருண்டை. அதைச் சுற்றி வெளுத்த வளையம். அதற்கும் வெளியே உட்கருவின் மெல்லிய கரை. மரப்பொந்துக்குள்ளிருந்து உற்றுப் பார்க்கும் ஆந்தையின் கண் மாதிரி இருப்பதால் பிற்காலத்து மருத்துவ மாணவர்கள் இதை 'ஆந்தைக்கண் செல்' என்றே மனப்பாடம் செய்தார்கள். ரிப்பர்ட்டுக்கு அது என்னவென்று விளங்கவில்லை, எடுத்து வைத்துவிட்டார். 1904-இல் ம்யூனிக்கில் யெசியோனெக், கியோலெமெனோக்ளு என்ற இருவர் எட்டு மாதக் கரு ஒன்றில் அதே போன்ற செல்களைக் கண்டு எழுதினார்கள். அதைப் படித்த பிறகுதான், நானும் இதைப் பார்த்தவன்தான் என்று ரிப்பர்ட் தன் பழைய குறிப்பை வெளியே எடுத்தார். இடையில் 23 ஆண்டுகள் போயிருந்தன.

வெளியே வந்ததும் பெயரிடும் அவசரம் தொற்றிக்கொண்டது. உப்பிய செல்களை ஒட்டுண்ணி என்றும், ஒற்றைச் செல் உயிர் என்றும் பலர் நம்பினார்கள். 1910-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஆலன் ஸ்மித்தும் ஃபிரெட் வைட்மனும் 'என்டமீபா மார்ட்டினேட்டேலியம்' என்று முறைப்படி இலத்தீனில் பெயரே வைத்துவிட்டார்கள். இறந்து பிறந்தவர்களின் அமீபா என்று பொருள். பிள்ளையே இல்லாத வீட்டில் நடந்த பெயர்சூட்டு விழா அது. ஏனென்றால் அங்கே அமீபா எதுவும் இல்லை. அவை குழந்தையின் சொந்தச் செல்கள்தாம். உள்ளே புகுந்த ஒரு வைரஸ் அவற்றை அப்படி உப்ப வைத்திருந்தது. ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். நம் ஊரில் குயவரிடம் போய்க் காவிமண்ணால் எழுதிக்கொள்கிற அக்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் சின்னம்மை, உதட்டோரக் கொப்புளம் எல்லாம் இந்தக் குடும்பத்தின் வேலைதான். கருவைத் தேடிப் போகும் உறுப்பினருக்கு சைட்டோமெகலோவைரஸ் என்று பெயர், சுருக்கமாக சிஎம்வி. தாயின் இரத்தத்திலிருந்து முதலில் நஞ்சுக்கொடியைப் பற்றி, அங்கே பெருகி, பிறகு கருவுக்குள் இறங்குகிறது. ரிப்பர்ட் கண்ட நாளிலிருந்து அந்த வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டிய 1956 வரை 75 ஆண்டுகள். வழியில் நஞ்சுக்கொடிக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிப்பதற்கு அதற்கு மேலும் காலம் பிடித்தது.

இந்தத் தாமதத்துக்கு மருத்துவ வரலாற்று நூல்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் கருவி. வைரஸ் சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாது. அதை வளர்க்க உயிருள்ள செல் வேண்டும். திசு வளர்ப்பு முறை 1949-இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை வளர்த்துக் காட்டிய பிறகுதான் பரவலாகக் கைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன்னால் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்பார்கள். இதில் பாதி உண்மை. மறுபாதியைக் கெடுப்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் குதிரைப் பண்ணைகள். திசு வளர்ப்பு இல்லாத அதே காலத்தில், அதே நுண்ணோக்கியைக் கொண்டு, அதே குடும்பத்து வைரஸ் ஒன்று தாயின் வயிற்றுக்குள் குட்டியைக் கொல்கிறது என்று அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். குதிரை வைத்தியரிடம் இருந்த கருவி பிரசவ மருத்துவரிடமும் இருந்தது. இல்லாமல் போனது கேள்வி.

கென்டக்கியின் லெக்சிங்டன் சுற்றுவட்டாரம் பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பேர்போனது. ஒரு குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம்; ஈற்றுக்கு ஒரு குட்டி. பேர்பெற்ற பொலிகுதிரைக்குக் கட்டணம் கொடுத்துச் சேர்த்து, மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த குதிரை எட்டாம் மாதமோ பத்தாம் மாதமோ குட்டி வீசிவிட்டால் பண்ணைக்காரருக்கு அது கணக்குப் புத்தகத்தில் விழும் ஓட்டை. அதனால் விழுந்த குட்டியையும் அதன் சவ்வுகளையும் மூட்டை கட்டி மாநில வேளாண் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. குட்டி வீச்சுக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் டிமாக், எட்வர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்த பல குட்டிகளில் அந்த பாக்டீரியா கிடைக்கவில்லை. வேறெந்த பாக்டீரியாவும் கிடைக்கவில்லை. கல்லீரல் செல்களின் உட்கருவுக்குள் மட்டும் சாயம் ஏறிய உருண்டைகள் தெரிந்தன. பாக்டீரியா தங்கிவிடும் வடிகட்டியில் அந்தக் குட்டிகளின் திசுச் சாற்றை வடித்து, சினையான வேறு குதிரைகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவையும் குட்டி வீசின. 1933-இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையின் தலைப்பே ஒரு கேள்வி: குதிரைகளில் குட்டி வீச்சை உண்டாக்கும் வடிகட்டத்தக்க வைரஸ் உண்டா? பத்து ஆண்டுக்குள் கேள்விக்குறி உதிர்ந்து, 'குதிரை வைரஸ் குட்டி வீச்சு' என்பது நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது. இன்றைக்கு அதைக் குதிரை ஹெர்பீஸ் வைரஸ் ஒன்று என்கிறோம்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. குட்டி வீசிய குதிரைக்குப் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. காய்ச்சல் தெரியாது, தீனி குறையாது. முந்தின நாள் வரை மேய்ந்துகொண்டிருந்திருக்கும். அப்படியிருந்தும் பண்ணை வைத்தியர்கள் 'தாய் நன்றாக இருக்கிறதே, பிறகு எப்படி?' என்று அங்கேயே நின்றுவிடவில்லை. தாய் சும்மா இருந்தாலும் அதற்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள். அதே வைரஸ் இளங்குதிரைகளுக்கு வெறும் சளித் தொல்லையாக வந்து போகிறது என்பதை 1950களில் டால் என்பவர் தெளிவுபடுத்தினார். குட்டிகள் மூக்கொழுக நிற்கும் பண்ணையில்தான் சில வாரமோ சில மாதமோ கழித்துச் சினைக்குதிரை குட்டி வீசுகிறது. கர்ப்பிணிக்கு சிஎம்வி பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வீட்டிலுள்ள சின்னக் குழந்தையின் எச்சிலிலிருந்தும் சிறுநீரிலிருந்தும். இரண்டும் ஒரே கதைதான்.

குதிரைக்கு ஊசி போட்டுச் சோதிக்கலாம், கர்ப்பிணிக்குப் போட முடியுமா என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி, முடியாது, கூடாது. ஆனால் மனித நோய்க்கு ஒப்பான விலங்கு நோய் அப்போதே கையில் இருந்தது. 1921-இல் அமெரிக்காவின் குட்பாஸ்சரும் டால்பட்டும் உப்பிய செல்கள் ஒட்டுண்ணி அல்ல, மனிதச் செல்களே என்று நிறுவி 'சைட்டோமெகாலியா', அதாவது செல் உப்பல், என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள். சின்னம்மைக் கொப்புளத்தில் டைசர் என்பவர் 1906-இல் கண்ட செல்களின் சாயல் இவற்றில் இருப்பதையும் சுட்டினார்கள். அதே 1921-இல் லிப்ஷுட்ஸ் இது வைரஸாகவே இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1926-இல் கோல், கட்னர் இருவரும் கினிப்பன்றியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அதே உருவச் செல்களை உண்டாக்கும் ஒரு பொருள் வடிகட்டியைக் கடந்து போகிறது என்று காட்டினார்கள். 1936-இல் கினிப்பன்றியின் கருவுக்குள்ளேயே அந்த வைரஸைச் செலுத்தி, கரு அதற்கு எவ்வளவு எளிதில் இரையாகிறது என்பதையும் பார்த்தாயிற்று. ஊசியே இல்லாமல் அது கருவை எட்டுவது எப்படி என்பதுதான் மிச்சம். அதாவது 1936-இல் சங்கிலியின் ஏறக்குறைய எல்லாக் கண்ணிகளும் மேசைமேல் கிடந்தன. கோக்க வேண்டிய நூல் தாய். அந்த நூலை யாரும் கையில் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதற்குப் பதில் இன்னும் பழைய கணக்கு ஒன்றில் இருக்கிறது. 1754-இல் லண்டனில் கர்ப்பிணியாக இறந்த ஒரு பெண்ணின் கருப்பையில் வண்ண மெழுகைச் செலுத்தி, தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடினாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று கண்டார்கள். அதைக் கண்டது தம்பி ஜான் ஹண்டரா, அண்ணன் வில்லியம் ஹண்டரா என்று 1780-இல் சகோதரர்களுக்குள் பகை மூண்டது தனிக்கதை. கண்டுபிடிப்பு மகத்தானது. ஆனால் 'கலப்பதில்லை' என்பது காலப்போக்கில் 'கடப்பதில்லை' என்று படிக்கப்பட்டது. நஞ்சுக்கொடி மதில் ஆகிவிட்டது. மதிலில் ஓட்டை உண்டு என்பதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. பெரியம்மைத் தழும்போடு பிறந்த குழந்தைகளை முன்பே அறிந்திருந்தார்கள். தடுப்பூசியின் தந்தை எட்வர்ட் ஜென்னர் 1809-இல், தாய் அம்மையில் படுக்காமலே குழந்தைக்கு மட்டும் கருவில் அம்மை கண்ட இரண்டு நிகழ்வுகளை எழுதி வைத்திருக்கிறார். எடின்பரோவின் பாலன்டைன் 1902-இல் கருவின் நோய்களுக்கென்றே பெரிய கையேடு எழுதினார். ஆகவே நிபுணர்கள் மதிலைக் கண்மூடி நம்பினார்கள் என்று குற்றம் சாட்டினால் அது அநியாயம். அவர்கள் நம்பியது அதைவிட நுட்பமான ஒன்று: மதில் இடிந்தால் இந்தப் பக்கம் சத்தம் கேட்கும் என்று. தாய் நோயில் விழுந்திருந்தால் குழந்தைக்கு வந்ததை ஒப்புக்கொள்வார்கள். தாய் சும்மா இருந்தால் காரணத்தை வேறெங்கோ தேடுவார்கள்.

அப்படித் தேடியதன் உச்சம் சிஃபிலிஸ் நோயில் நடந்தது. 1837-இல் டப்ளின் அறுவை மருத்துவர் ஆப்ரஹாம் கோலஸ் ஒரு விசித்திரத்தைக் குறித்தார். சிஃபிலிஸோடு பிறந்த குழந்தை பால் கொடுக்க வரும் செவிலித்தாய்க்கு நோயைத் தொற்றவைக்கிறது. பெற்ற தாய்க்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. இதைக் 'கோலஸ் விதி' என்றே பாடம் நடத்தினார்கள். இன்று பார்த்தால் விடை எளிது: தாய்க்கு நோய் ஏற்கெனவே இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அன்றைய மருத்துவர்களில் பலர் இந்த எளிய விடையை விட்டுவிட்டு, தந்தையின் விந்து வழியாகவே நோய் நேராகக் குழந்தைக்குப் போகிறது, நடுவில் இருக்கும் தாய்க்கு அதில் பங்கே இல்லை என்று ஒரு கோட்பாட்டைக் கட்டி, பல தலைமுறை அதைக் காத்தார்கள். ஒன்பது மாதம் சுமந்தவளை வழிப்போக்கியாக்கிய கோட்பாடு! 1906-இல் வாசர்மன் இரத்தச் சோதனை வந்தது. எந்த அறிகுறியும் இல்லாத அந்தத் தாய்மார்களின் இரத்தத்தைச் சோதித்தபோது நோய் இருப்பது தெரிந்தது. சத்தமில்லாத தாய் நோயில்லாத தாய் அல்ல என்ற பாடம் அன்றே கையில் கிடைத்தாயிற்று. அதை அடுத்த நோய்க்கு எடுத்துப் போகத்தான் ஆளில்லை.

ரிப்பர்ட் பார்த்த குழந்தையும் ம்யூனிக் கருவும் சிஃபிலிஸ் உள்ளவை என்றே பதிவாகியிருந்தன. அந்தக் காலத்தில் இறந்து பிறக்கும் குழந்தை என்றாலே முதல் சந்தேகம் அதன்மேல்தான். அதனால் உப்பிய செல்கள் சிஃபிலிஸின் துணை விளைவோ என்ற குழப்பமும் சேர்ந்து கண்ணை மறைத்தது. இதை அவர்கள் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய ஐரோப்பிய நகரங்களின் பிரேதக் கூடத்தில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதமாக முன்வைக்கக்கூடியது 1941-இல் சிட்னியில் நடந்தது. கண் மருத்துவர் நார்மன் கிரெக், ஒரே காலத்தில் கண்புரையோடு பிறந்த பல குழந்தைகளைப் பார்த்து, அவர்களுடைய தாய்மார்களை விசாரித்தார். 78 குழந்தைகளில் பெரும்பாலோரின் தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லா வந்திருந்தது. வைரஸை வளர்க்காமலே, பார்க்காமலே, தாயிடம் கேட்டு மட்டும் நிறுவிய உண்மை இது. லண்டன் லான்செட் இதழ் 1944-இல்கூட நிரூபணம் போதவில்லை என்று முகம் சுளித்தது. ஆனால் உலகம் கிரெக்கின் பக்கம் வந்து சேர்ந்தது. அப்படியானால் தாயை விசாரிக்கும் வழக்கம் இருந்ததே, என் வாதம் எங்கே நிற்கிறது? இங்கேதான். ரூபெல்லாவுக்குத் தடிப்பு உண்டு, தாய்க்கு அது ஞாபகம் இருக்கும், கேட்டால் சொல்வாள். 1947-இல் லாஃபோரெ, லிஞ்ச் இருவரும் சின்னம்மையால் கருவிலேயே ஊனமுற்ற குழந்தையை முதன்முதலாக விவரித்ததற்கும் தாயின் உடம்பில் தெரிந்த கொப்புளமே வழிகாட்டி. சிஎம்விக்கு ஆளான தாயிடம் கேட்டால் 'இரண்டு நாள் அசதியாக இருந்தது' என்பாள். பெரும்பாலும் அதையும் சொல்ல மாட்டாள். கிரெக்கின் வெற்றியே தாயின் தோலில் எழுதியிருந்தால்தான் நம்புவோம் என்ற பழக்கத்தை இன்னொரு முறை உறுதிப்படுத்திவிட்டது.

கடைசியில் வைரஸைப் பிடித்த மூவருமே தாயைத் தேடிப் போனவர்கள் அல்லர். செயின்ட் லூயிஸில் மார்கரெட் ஸ்மித் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸை 1954-இல் வளர்த்தவர். பிறகு இறந்த ஒரு குழந்தையின் சுரப்பியிலிருந்து மனித வைரஸை வளர்த்து, கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பினார். அது எலி வைரஸ் கலந்துவிட்டதாக இருக்கும் என்று கட்டுரையைத் திருப்பிவிட்டார்கள். இன்னொரு குழந்தையின் சிறுநீரகத்திலிருந்து மறுபடியும் வளர்த்த பிறகே 1956-இல் அச்சேறியது. வாஷிங்டன் அருகே வாலஸ் ரோ வேறு வைரஸைத் தேடிக் குழந்தைகளின் அடினாய்டுகளை வளர்த்தபோது இது முளைத்தது. பாஸ்டனில் தாமஸ் வெல்லர், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி கிடைக்கும் என்று எதிர்பார்த்து மூன்று மாதக் குழந்தை ஒன்றின் கல்லீரல் துணுக்கை வளர்த்தார், கிடைத்தது வைரஸ். 1904-இல் வைரஸைப் பார்த்து ஒட்டுண்ணி என்றவர்களுக்கும், 1957-இல் ஒட்டுண்ணியைத் தேடி வைரஸில் இடித்துக்கொண்டவருக்கும் நடுவே அரை நூற்றாண்டு. 1960-இல் சைட்டோமெகலோவைரஸ் என்று பெயர் வைத்தவரும் வெல்லரே.

நோயே அபூர்வமானது, ஆதலால்தான் கவனம் கிடைக்கவில்லை என்ற மறுப்பும் உண்டு. 1932-இல் பாஸ்டனில் ஃபார்பரும் வோல்பாக்கும் இறந்த 183 குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தபோது 22 பேரிடம், அதாவது 12 சதவீதத்தினரிடம், ஆந்தைக்கண் செல்கள் இருந்தன. அபூர்வமே இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வேறு நோயில் இறந்தவர்கள் என்பதால் இது வந்து தங்கிப்போகும் விருந்தாளி என்ற முடிவுக்கு வர இடமிருந்தது. பிணவறை காட்டிய உலகம் அவ்வளவுதான். 1960களிலும் 70களிலும் நடந்த ஆய்வுகளில், பிறந்த குழந்தைகளின் சிறுநீரை வரிசையாகச் சோதித்தபோதே கணக்கு மாறியது: நூறு பிரசவத்துக்கு ஏறக்குறைய ஒரு குழந்தை இந்த வைரஸோடு பிறக்கிறது. அவர்களில் பத்தில் ஒருவருக்கே பிறக்கும்போது அறிகுறி தெரியும். மற்ற ஒன்பது பேரும் பார்வைக்கு நன்றாகவே இருப்பார்கள். அவர்களிலும் பத்துக்கு ஒருவர் என்ற அளவில் பின்னால் காது மந்தமாகும். இரண்டு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை எந்தப் பிணவறைக்கும் வராது. அதன் தாயிடம் 'கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய்' என்று மாமியார் கேட்டிருப்பார். வைரஸ் என்ற சொல் அந்த வீட்டு வாசலுக்கே வந்திருக்காது.

இனி நஞ்சுக்கொடிக்கு வருவோம். பசு கன்று போட்டதும் விழும் நஞ்சை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிடுவது தமிழ்நாட்டு ஊர்ப்புற வழக்கம். பால் பெருகும் என்று நம்பிக்கை. கென்டக்கிக் குதிரையின் சவ்வு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. மனிதத் தாயின் நஞ்சுக்கு இருபதாம் நூற்றாண்டின் ஆஸ்பத்திரி ஒதுக்கிய இடம் வாளி. பிரசவம் பார்ப்பவர் அதைத் தட்டில் விரித்து, இருபது சென்டிமீட்டர் வட்டத்தில் சுமார் அரைக் கிலோ எடையுள்ள அந்த அப்பத்தின் அடிப்பக்கத்தில் எல்லாக் கதுப்புகளும் இருக்கின்றனவா, ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்பார். இரத்தப்போக்கைத் தடுக்க அது அவசியமான பார்வைதான். முழுதாக விழுந்துவிட்டதென்றால் அத்துடன் வேலை முடிந்தது. குழந்தைக்கு நேர்ந்ததற்கு உடனிருந்து பார்த்த ஒரே சாட்சியை விசாரிக்காமலே அனுப்பிவிடுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விசாரித்திருந்தாலும் சாட்சி வாய் திறந்திருக்குமா என்று கேட்டால், எப்போதும் திறந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிஎம்வி தொற்றிய நஞ்சுக்கொடியில் ஆந்தைக்கண் செல்கள் தேடிப்பிடிக்கும்படிதான் இருக்கும். பல நேரம், நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்துக்குள் நீளும் நுண்விரல்களில் வீக்கமும், எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்களின் கூட்டமும் மட்டுமே தடயம். சிலவற்றில் அதுவும் இராது. வைரஸின் புரதத்தையும் டிஎன்ஏவையும் திசுவிலேயே காட்டும் முறைகள் வந்த பிறகுதான் அந்த மௌனம் கலைந்தது. ஆனாலும் பிளாஸ்மா செல்லைப் பார்க்க 1930-இன் நுண்ணோக்கி போதும்.

சாட்சி பேசத் தொடங்கியதும் மதில் என்ற உருவகமே பொருந்தாமல் போயிற்று. தாயின் இரத்தத்தில் நனையும் நுண்விரல்களின் மேல்தோல் ஆயிரமாயிரம் செல்கள் எல்லைக் கோடில்லாமல் ஒன்றாகக் கலந்த ஒரே விரிப்பு. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சந்து இல்லாததால் கிருமி நுழைய இடமும் இல்லை. உதட்டுப் புண்ணும் பிறப்புறுப்புப் புண்ணும் உண்டாக்கும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் பெரும்பாலும் இங்கே தோற்றுப் போகிறது. அது குழந்தையைப் பிடிப்பது முக்கியமாகப் பிறப்பு வழியில்தான், கருவிலேயே தொற்றுவது நூற்றில் ஐந்து போல. சிஎம்வி நேரே மோதாது. நஞ்சுக்கொடியைக் கருப்பைச் சுவரில் ஊன்றுவதற்காகத் தாயின் திசுவுக்குள் வேர் போல இறங்கும் செல்கள் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. இன்னொரு வழி வியப்பானது. தாயின் எதிர்ப்புப் புரதங்களைச் சேய்க்கு ஏற்றிக் கொடுக்கவென்றே அந்த விரிப்பில் ஓடங்கள் போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. எதிர்ப்புப் புரதம் ஒட்டிய வைரஸும் அதே ஓடத்தில் ஏறிக் கரை சேரக்கூடும் என்று சான் பிரான்சிஸ்கோ ஆய்வுக்குழு ஒன்று 2006-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டியது. நஞ்சுக்கொடி மதில் அல்ல, சுங்கச்சாவடி. சரக்கு போக வேண்டும் என்பதற்காகவே கட்டியது.

ஆனால் பழைய பழக்கம் லேசில் விடவில்லை, உருமாறி வந்தது. கர்ப்பத்தில் முதன்முறையாக சிஎம்வி தொற்றினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கருவுக்குப் போகிறது, முன்பே தொற்றியவளுக்கு நூற்றில் ஒன்றிரண்டு கூடப் போவதில்லை என்று தெரிந்ததும், முன்பே எதிர்ப்பு உள்ள தாய் பத்திரமானவள் என்ற எண்ணம் வேரூன்றியது. இந்தியப் பெண்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சிறுவயதிலேயே இந்தத் தொற்றைக் கடந்தவர்கள். ஆகவே இது மேற்கத்திய நாட்டுப் பிரச்சினை, நமக்கு இல்லை என்று பேசப்பட்டது. கணக்கெடுத்துப் பார்த்தால் இங்கும் நூறு குழந்தைக்கு ஒன்று, சில ஆய்வுகளில் அதற்கும் மேல். சதவீதம் சிறிதுதான், ஆனால் ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் அந்தக் கணக்கில் வருகிறார்களே. உள்ளே உறங்கும் வைரஸ் விழிக்கலாம். வேறு வகை புதிதாகத் தொற்றலாம். ஏற்கெனவே எதிர்ப்பு இருந்த தாய்மார்களுக்கு அப்படிப் புது வகை தொற்றிக் கருவை எட்டியதை அலபாமா ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். அறிகுறி இல்லாத தாய் என்பதற்குப் பதிலாக எதிர்ப்புச் சக்தி உள்ள தாய். கோலஸ் விதிக்குப் புதுச் சட்டை.

நம் ஊரில் இந்த வரலாறு ஒரு சோதனைச் சீட்டாகச் சுருங்கிவிட்டது. டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பீஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ஆண்ட்ரே நாமியாஸ் 1971-இல் உருவாக்கிய 'டார்ச்' என்ற பெயர், கரு கலைந்து கலைந்து வருந்தும் பெண்களுக்கு எழுதிக் கொடுக்கும் 'டார்ச் டெஸ்ட்' ஆகப் பழகிவிட்டது. அதில் சிஎம்விக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் பாசிட்டிவ் என்று வந்தால் பயந்துபோய் மருந்து தேடுகிறார்கள். பத்துக்கு ஒன்பது பேருக்கு பாசிட்டிவ் வரும் சோதனை, என்றோ வந்துபோன தொற்றைத்தான் சொல்கிறது. கரு கலைந்த காரணத்தைச் சொல்லாது. தாயின் இரத்தத்தைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்கும் நாம், கலைந்து விழுந்ததை மட்டும் பார்ப்பதில்லை.

கென்டக்கிக் குதிரைகளின் வைரஸுக்குத் தடுப்பூசி பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கிறது. முழுக் காப்பு தராது என்றாலும், சினையின் ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் மாதங்களில் பண்ணைகளில் போட்டுவிடுகிறார்கள். சிஎம்விக்கு எதிராகக் கர்ப்பிணிக்கோ கர்ப்பமாகப் போகிறவளுக்கோ அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இன்றுவரை இல்லை. அது வரும்போது வரட்டும். இறந்து பிறந்த குழந்தைக்கும், காரணம் தெரியாமல் எடை குறைந்து பிறந்த குழந்தைக்குமாவது, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையைக் கட்டும் முன் நஞ்சிலிருந்து ஒரு துண்டை ஃபார்மலின் புட்டியில் போட்டு, பெயர் எழுதி, நோய்க்கூறியல் துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால்தான் அனுப்புவார்கள்.